நீ விற்கச் சொன்ன வண்டி

அப்பு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ குறுக்கே வருவாய். "சரிம்மா, அதான் ஞாயித்துக்கிழம வாரேன்ல, வந்து பேசிக்கலாம்" என்பாய். நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. நான் முடிக்கும் வரை நீ பேசாமல் இருந்தாக வேண்டும். கல்யாணமான மகனை இம்புட்டு நேரம் பேசாமல் உட்கார வைப்பது வேறு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வண்டி வாங்கும் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறாய். நம் பிக்கப்பைப் பார்ப்பார், பிடித்தால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார் என்றாய். உன்மேல் கோபமில்லை. வண்டி மேம்பாலத்து ஏற்றத்தில் திணறியதையும், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காததையும் உனக்குச் சொன்னது நான்தான். சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ சிரிக்கவில்லை. மறுநாளே விற்கச் சொன்னாய்.

அந்த வண்டி போனால் என்னிடமிருந்து என்ன போகும் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் திண்டுக்கல்லில் எம்.ஏ. தமிழ் படித்தேன். படித்த கையோடு எரியோட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன். பூக்காடு, அடுப்படி, நீ. இந்த மூன்றும் நல்லவைதான். ஆனால் மூன்றுமே வேலிக்குள் இருந்தன. நீ வேலை கிடைத்துப் போவதற்கு முன்பு, தண்ணீர் வற்றிய குளத்துக்குள் வண்டியை இறக்கி, எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாய். "அம்மா, கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே இருக்காத, அது உன் தையல் மெஷின் இல்ல" என்று கத்தினாய். ஆடு மேய்க்க வந்தவர்கள் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு என் காலைகள் மாறின. நாலு தோட்டத்துப் பெண்கள் பறித்துக் கட்டிய பூவை ஏற்றிக்கொண்டு, விடியும் வெளிச்சத்தில் வடமதுரை தாண்டி திண்டுக்கல் மார்க்கெட் வரை நான் போகிறேன். வழியில் யாரும் என்னை இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்று அழைப்பதில்லை. பூ வண்டி அக்கா. அவ்வளவுதான். பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட எனக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

இப்போது வண்டியின் வியாதிக்கு வருகிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். வண்டி எப்போதும் மக்கர் செய்வதில்லை. அதுதான் தொல்லை. எப்போதும் செய்தால் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம். கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும். வடமதுரை வரை ஒன்றும் இருக்காது. அதைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறையும். கால் கீழே போகும், வண்டி போகாது. புகை கிடையாது. சூடு கிடையாது. எந்த விளக்கும் எரியாது. மூன்றாவது கியர், இரண்டாவது கியர், கடைசியில் சைக்கிள்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார். ஓரம் கட்டி அணைத்துவிட்டு செத்த நேரம் உட்கார்ந்தால், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அடுத்த சில நாட்கள் தங்கமாக ஓடும். பிறகு ஒரு முகூர்த்த நாள் வரும். பூவுக்கு நல்ல விலை போகும் நாள், கல்யாணக்காரர்கள் காத்திருக்கும் நாள். அன்றைக்குத்தான் படுத்துக்கொள்ளும்.

முகூர்த்த நாளில்தான் படுக்கிறது என்பதால் எல்லோருக்கும் காரணம் எளிதாகக் கிடைத்துவிட்டது. லோடு. முகூர்த்தத்துக்குப் பூ அதிகம். நம் காட்டுப் பூ, அக்கம்பக்கத்துப் பூ, கோழிக்கொண்டை மூட்டைகள், செண்டுமல்லி மூட்டைகள், மேலே ஈரத் துணி. வண்டிக்கு வயசாச்சு, இழுக்க மாட்டேங்குது. உன் அப்பா அப்படிச் சொன்னார். நீயும் அப்படிச் சொன்னாய். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேறொன்று சொன்னார். நான் காதில் விழாத தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "வண்டி நல்ல வண்டிதான்யா. பொம்பள கையில சிக்கிக்கிட்டு அது என்ன பாடுபடுதோ." கொஞ்ச நாள் நானும் அதை நம்பினேன். கிளட்ச்சில் கால் வைத்தே ஓட்டுகிறேனோ, ஏற்றத்தில் கியரைத் தாமதமாக மாற்றுகிறேனோ என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அப்படி யோசித்துக்கொண்டு ஓட்டினால் நல்ல வண்டியைக்கூடத் தப்பாகத்தான் ஓட்ட முடியும்.

பேகம்பூரில் நம் மெக்கானிக் பாயிடம் காட்டினேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பூ இறக்கி, டீ குடித்து, மார்க்கெட்டில் பேச வேண்டியதெல்லாம் பேசிவிட்டுப் போவேன். அவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், அதிலிருந்து எரியோடு மண் பாதி கொட்டியது. டீசல் வரும் குழாய்களை ஊதினார். டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு ஓட்டிப் பார்க்கிறேன் என்று தெருவைச் சுற்றி ஒரு வட்டம் போய்விட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வருவார். "அக்கா, வண்டி குதிரையாட்டம் போகுது. எங்கிட்ட வந்தா மட்டும் நல்லபிள்ளையா இருக்கு. எம்மேல அதுக்கு ஒரு பயம்." நான் கேட்டேன், "அப்ப உங்களையும் ஏத்திக்கிட்டு போகவா பாய், தினமும்?" அவர் சொன்னார், "எங்கூட்டுல கேட்டுச் சொல்றேன்." பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த முகூர்த்தத்தில் வண்டி படுத்துக்கொண்டது.

அந்த மேம்பாலத்துச் சம்பவத்துக்குப் பிறகுதான் நீ விற்கச் சொன்னாய். அன்று மாலை தேன்மொழி எனக்குத் தனியாகப் போன் செய்தாள். உனக்குச் சொன்னாளோ இல்லையோ தெரியாது. சொல்லாவிட்டால் அதற்காக அவளிடம் சண்டைக்குப் போகாதே. நல்ல பெண் கிடைத்திருக்கிறாள் உனக்கு. ஒட்டன்சத்திரத்துப் பேச்சு கேட்டாலே எனக்குப் பாதிக் களைப்பு போய்விடுகிறது. "ஏனுங்கத்தை, அடி ஒண்ணும் படலீங்களே?" என்று ஆரம்பித்தாள். படவில்லை என்றேன். எப்பெல்லாம் நிற்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எப்பெல்லாம் நல்லா ஓடுச்சுங்க?" என்றாள். நான் மறுபடி நின்ற நாட்களையே சொல்ல ஆரம்பித்தேன். "எங்கிட்ட மூட்டுவலின்னு வர்றவங்களை எப்ப வலிக்குதுன்னு கேட்டா, எப்பவுமேதான்னு சொல்லுவாங்கத்தை. எப்ப வலிக்கலைன்னு கேட்டாத்தான் உக்காந்து யோசிப்பாங்க. பிசியோதெரபில எங்களுக்குப் பாதி வேலை அதுதானுங்க" என்றாள். நான் போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன்.

யோசித்தபோது முதலில் வண்டி நினைவுக்கு வரவில்லை. உன் வயிற்றுவலி வந்தது. இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ உனக்குக் காலையில் வயிறு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. அதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் நானும் உன் அப்பாவும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினோம். அதட்டினோம், கெஞ்சினோம், மிட்டாய் கொடுத்தோம். ஆனால் சனிக்கிழமை ஆண்டுவிழா ஒத்திகைக்கு நீ துள்ளிக்கொண்டு போனாய். அதே பள்ளிக்கூடம், அதே டீச்சர். சனிக்கிழமை வேன் கிடையாது, அப்பாவின் மொபெட்டில் போனாய். இது எங்கள் கண்ணில் படவே நாளாயிற்று. உனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் இல்லை. வேனின் கடைசி சீட்டு குமட்டியது. சீட்டை மாற்றிக் கொடுத்ததும் வலி போயிற்று. கெட்ட நாட்களை மட்டும் எண்ணினோம், நல்ல நாட்களைப் பார்க்கவில்லை. உனக்கும் நாளைக்குப் பிள்ளைகள் வரும். நினைவில் வைத்துக்கொள்.

பிறகு வண்டியின் நல்ல நாட்களைத் தேடினேன். ஒன்று பளிச்சென்று வந்தது. உன் கல்யாணத்துச் சீர் ஏற்றிவந்த நாள். தேன்மொழி வீட்டிலிருந்து இரும்புப் பீரோ, தேக்குக் கட்டில், கிரைண்டர், அண்டா, குண்டா, எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய சித்தப்பா. இறங்க மாட்டேன் என்று பிடிவாதமாக அண்டாவைக் கட்டிக்கொண்டு வந்தாரே. அம்புட்டு லோடு நம் வண்டி அதற்கு முன்னும் ஏற்றியதில்லை, பின்னும் ஏற்றியதில்லை. அந்த நாளுக்கு முந்தைய வாரமும் மக்கர், அடுத்த வாரமும் மக்கர். அன்றைக்கு மட்டும் ஒட்டன்சத்திரத்திலிருந்து எரியோடு வரை ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்லிக்கொண்டு வந்தாய் என்று யோசித்துப் பார். "டீசல் போடாம கிளம்பிட்டியேம்மா, முள்ளு செகப்புல நிக்குது, மாப்பிள்ளைய வண்டி தள்ள வச்சுராத." வழியெல்லாம் இதுதான். நான் அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது இது நினைவுக்கு வந்தது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். லோடு இல்லை. டீசல். முகூர்த்த நாளில் இரண்டு நடை போக வேண்டியிருக்கும் என்று முந்தின நாள் மாலையே டேங்கை நிரப்பிவிடுவேன். மற்ற நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுவேன். நிறைந்த டேங்க்கில் திணறுகிறது. குறைந்த டேங்க்கில் ஓடுகிறது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு நானே சிரித்தேன்.

மறுநாள் முகூர்த்தம் இல்லை. மார்க்கெட் போய்விட்டு வந்த பிறகு, வெயில் நன்றாக ஏறிய நேரத்தில், வண்டியின் பின்பக்கத்தைச் சுத்தமாகக் காலி செய்தேன். ஒரு சாக்குகூட இல்லை. பங்க்கில் டேங்க் வழிய வழிய நிரப்பினேன். "எங்க புள்ள போற, லோடும் இல்லாம?" என்றார் உன் அப்பா. "வண்டிக்கு வைத்தியம் பாக்க" என்றேன். நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். அவருக்கு மொபெட்டைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது, ஆனால் பக்கத்து சீட்டில் இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அவர் காலும் பிரேக் போடும். வடமதுரை தாண்டினோம். நாலு வழிச் சாலை, காலி வண்டி, எதிர்க்காற்றுகூட இல்லை. கொஞ்ச தூரம் போனதும் வேகம் குறைந்தது. கால் கீழே போனது, வண்டி போகவில்லை. அப்பு, வண்டி நின்றுவிட்டதே என்று இம்புட்டு சந்தோஷப்பட்ட டிரைவரை நீ பார்த்திருக்கமாட்டாய். "நின்னுருச்சு" என்று கை தட்டினேன். உன் அப்பா என்னைக் கவலையோடு பார்த்தார். "வெயிலு தலைக்கு ஏறிருச்சா உனக்கு?" என்றார்.

ஓரம் கட்டினேன். இந்தத் தடவை காத்திருக்கவில்லை. வண்டியை அணைத்ததும் நேராக இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திருகினேன். டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்திருக்குமோ என்று பார்க்கத்தான் திறந்தேன். மூடி சுலபத்தில் வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது. இரண்டு கையாலும் திருகினேன். திறந்ததும் ஒரு சத்தம். புஸ் என்று நீளமாக. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. என் விரல் நுனியில் அதன் குளிர்ச்சி தெரிந்தது. உடனே ஏறி ஸ்டார்ட் செய்தேன். பறந்தது. மூடியை இறுக்கிக்கொண்டு மறுபடி ஓட்டினேன், கொஞ்ச தூரத்தில் மறுபடி திணறியது. இறங்கினேன், திருகினேன், புஸ். மறுபடி பறந்தது. மூன்றாவது தடவை இறங்கியபோது பக்கத்துச் சோளக்காட்டிலிருந்து ஒரு பெரியம்மா நிமிர்ந்து, "என்ன தாயி, வண்டிக்கு வாயு பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார். "ஆமா பெரியம்மா, இப்பத்தான் ஏப்பம் விடுது" என்றேன்.

அப்போதுதான் மூடியைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தேன். அந்த மூடியில் காற்று போய்வர ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும், பழைய வண்டிகளில் அப்படித்தான். துளை தெரியவில்லை. அதன்மேல் வட்டமாகக் கத்தரித்த தடித்த பாலிதீன். அதற்கு மேலே சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம். அவ்வளவு சுத்தமான வேலை. ஓரத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. பார்ப்பவர்கள் கம்பெனி வாஷர் என்றுதான் நினைப்பார்கள். பங்க்கில் ஊற்றுகிறவர்களும் பாயும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நானும் நினைத்திருப்பேன், பாலிதீன் நீல நிறமாக இல்லாவிட்டால். உர மூட்டைக்குள் வரும் அந்த நீல உறை நம் வீட்டில் ஆயிரம் வேலைக்கு ஆகும். அதை இவ்வளவு வட்டமாகக் கத்தரிக்கும் கை ஒன்றுதான். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் சோளக்காட்டைப் பார்த்தார்.

"இது யாரு வச்சது?"

"எது?"

"ஏங்க, கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். இதுதான்."

"அதுவா. அது நாந்தான். ஏன், கிழிஞ்சுருச்சா?"

"எதுக்கு வச்சீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். லாரிகள் போயின. பிறகு சொன்னார். "மழக்காலத்துல ஒருநா மார்க்கெட்ல ஒருத்தன் சிரிச்சாம்ல. அதுக்குத்தான்."

எனக்கு நினைவு வந்தது. நான் மார்க்கெட்டுக்கு வண்டியை எடுக்கத் தொடங்கிய புதிது, உன் அப்பாவும் கூட வருவார். டேங்க் நிறைந்திருந்தால் வளைவுகளில் மூடி வழியாக டீசல் கசிந்து, பக்கத்தில் இருந்த மல்லிகை மூட்டையில் வாடை ஏறிவிட்டது. பூ எதன் வாடையையும் பிடித்துக்கொள்ளும். ஒரு கடைக்காரர் ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, "அக்கா, இது மல்லியா டீசலா? இதத் தலையில வச்சுட்டு கல்யாணப்பொண்ணு அடுப்புப் பக்கம் போகமுடியாதே" என்றார். மார்க்கெட்டே சிரித்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. உன் அப்பா ஒரு ஓரமாக நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பல நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தைக்குப் பதிலாக ஒரு வாஷர் செய்திருக்கிறார். "உன்னைய இனி ஒருத்தனும் சிரிக்கக்கூடாதுன்னு பாத்தேன். அதுக்கப்புறம் வாடை வந்துச்சா? வரலைல்ல?" என்றார். வரவில்லைதான். வாடை வரவில்லை, காற்றும் வரவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "சொன்னா நீ அந்த ஆளு சிரிச்சத மறுபடி நெனைப்ப" என்றார்.

நான் என்ன செய்வேன் சொல். சாலையோரத்தில், கையில் டேங்க் மூடியோடு, சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் நின்றேன். கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது. அவரும் சிரித்தார். எதற்கு என்று தெரியாமலே சோளக்காட்டுப் பெரியம்மாவும் சிரித்தார். வாஷரை எடுத்துவிட்டு, வெறும் மூடியைப் போட்டுக்கொண்டு, அப்படியே பேகம்பூர் போனோம். பாயிடம் நீல வட்டத்தை நீட்டினேன். அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டார். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வழியை அடைத்தால் டேங்க் டீசலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். டேங்க் பாதி காலியாக இருந்தால் மேலே இருக்கும் காற்று தாங்கும், நிறைந்திருந்தால் சீக்கிரம் இறுகிவிடும். நீ சின்ன வயதில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாயை எடுக்காமல் உறிஞ்சி உறிஞ்சிச் சப்பையாக்குவாயே, அதேதான். பூ இறக்கிவிட்டு நான் பாயிடம் போவதற்குள் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போயிருக்கும். அதனால்தான் அவரிடம் மட்டும் நல்லபிள்ளை. "அப்ப எம்மேல பயம் இல்லையா இதுக்கு?" என்றார் பாய். ரொம்ப வருத்தமாகவே கேட்டார். பிறகு உன் அப்பாவின் தோளில் தட்டி, "அண்ணே, இம்புட்டு நல்லா வாஷர் வெட்டுறீங்க, பட்டறைக்கு வந்துருங்க. ஆனா எதையும் மூட மட்டும் விடமாட்டேன்" என்றார்.

வாடைக்கும் ஒரு வழி செய்துவிட்டோம். புது மூடி போட்டாயிற்று, அதன் ரப்பர் நன்றாகப் பிடிக்கிறது, துளையும் திறந்திருக்கிறது. டேங்க்கை வழிய நிரப்புவதில்லை. டேங்க் இருக்கும் பக்கம் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும். மல்லிகை எதிர்ப் பக்கம், பலகைமேல். இது அந்த மழைக்காலத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை. அவர் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து அன்றைக்கே செய்திருப்போம்.

இந்த ஒன்றை மட்டும் உனக்குப் புத்திமதியாகச் சொல்கிறேன். நீயும் உன் அப்பா மாதிரிதான். ஒருவர் மேல் அன்பு வந்தால் பேச்சு நின்று கை ஓடும். தேன்மொழிக்கு அலுப்பாக இருக்கும் என்று அவளைக் கேட்காமல் அவளுடைய ஊர்ப் பயணத்தைத் தள்ளிவைத்தாயாம். அவள் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் மேம்பாலத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டுதான் உனக்குச் சொன்னேன் என்பதை மறந்துவிடாதே. அவளுக்காக எதைச் செய்தாலும் செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை அவளிடம் சொல். அவள் வேண்டாம் என்று சொன்னால் உன் அன்பு ஒன்றும் குறைந்துபோகாது. எனக்கும் அப்படித்தான். அம்மாவுக்கு ஆபத்து என்று பதறி ஆள் தேடினாய், பேசி முடித்தாய், நாள் குறித்தாய். எல்லாம் எனக்காக. என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்டாய்.

உன் அப்பா இப்போது திருந்திவிட்டார். கொஞ்சம் அதிகமாகவே. "காப்பிக்குச் சீனி போடவா?" "சன்னலத் தொறக்கவா?" "உன் செருப்ப வெயில்லருந்து எடுத்து உள்ள வைக்கவா?" நேற்று தன் சட்டையைத் துவைக்கப் போடட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். இன்று முகூர்த்தம். நேற்று மாலை டேங்க்கை நிரப்பினேன். காலையில் நாலு தோட்டத்துப் பூவும் ஏறியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வடமதுரை தாண்டியதும் உன் அப்பா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். மேம்பாலம் வந்தது. மூன்றாவது கியரிலேயே ஏறியது, அப்பு. லோடோடு, டீசலோடு, நாங்கள் இரண்டு பேரோடு. உச்சிக்குப் போனபோது திண்டுக்கல் முழுக்க இளவெயிலில் தெரிந்தது, மலைக்கோட்டை, தண்ணீர்த் தொட்டிகள், மாடிகளில் காயும் துணிகள். எனக்கு முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. உன் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஹாரன் அடிக்கவா?" என்று கேட்டார். அடிங்க என்றேன். எட்டிப் பிடித்து நன்றாக அடித்தார்.

மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்து, சாப்பிட்டு, இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். சிறுமலை வாழைப்பழம் வாங்கி வைக்கிறேன், தேன்மொழிக்குப் பிடிக்கும். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள், குளத்தில் இப்போதும் தண்ணீர் இல்லை. கிளம்புவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் கேள்.

அன்புடன்,
அம்மா